கழுத்து மெலிந்த தடம்

போதெவ்கிராட் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கட்டடம். கீழே டயர் கடை, மேலே எலெக்ட்ரானிக்ஸ் அலுவலகம். அந்த அலுவலகத்தில் ஜன்னலோர நாற்காலி ருமியானா ஸ்தொயேவாவுடையது. ஐம்பதைத் தாண்டியவள். பல வருடங்களாக அதே நாற்காலியில் உட்கார்ந்து சர்க்யூட் போர்டு வரைந்துகொண்டிருந்தாள். வேலையில் கெட்டிக்காரி என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். பிடித்தவர்கள் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அவள் வேலை இதுதான். பச்சைத் தகட்டின் மேல் செம்புத் தடங்கள் ஓடுகின்றன அல்லவா, எந்தத் தடம் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும். மோட்டாருக்குப் போகிற தடம் அகலமாக இருக்க வேண்டும். அதில் ஓடுகிற மின்சாரம் அப்படி. ஆனால் அந்தத் தடம் கடைசியில் போய்ச் சேருகிற இடம், சில்லின், அதாவது சிப்பின், கால் உட்காருகிற பேட், அரிசியில் பாதிகூட இருக்காது. பக்கத்திலேயே மற்ற பேட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அகலத் தடத்தை அப்படியே கொண்டு போய் முட்டினால் பக்கத்துப் பேட்டை இடிக்கும், சாஃப்ட்வேர் திரை முழுக்கச் சிவப்புக் குறியாகப் போட்டு மானத்தை வாங்கும். அதனால் பேட்டின் வாசலில் மட்டும் தடத்தை ஒடுக்கிக்கொள்வார்கள். அதற்குக் கழுத்து என்று பெயர். கழுத்து குட்டையாக இருந்தால் ஒன்றும் ஆகாது. நீண்டுபோனால் அது கழுத்தில்லை, அடுப்புக் கம்பி. கழுத்தை எவ்வளவு குட்டையாக வைக்கிறாள் என்பதில்தான் ஒரு வரைகாரியின் லட்சணம் தெரியும் என்று ருமியானா சொல்வாள். அவள் திரையைப் பார்க்க மாட்டாள், முகர்ந்து பார்ப்பாள் என்று அலுவலகத்தில் பேச்சு. எந்த மூலையில் கழுத்து நீண்டிருந்தாலும் அவள் கண் நேராக அங்கே போய் நிற்கும்.

இந்தக் கண் அவளுக்குச் சும்மா வரவில்லை. பள்ளி முடித்த கையோடு பழைய அரசு ஆலையில் சேர்ந்தபோது, கண்ணாடித் தாளின் மேல் கறுப்பு நாடாவை ஒட்டித்தான் தடம் போடுவார்கள். அங்கே பெரியவராக இருந்த தோச்செவ் என்கிற மனிதர் இரும்பு அளவுகோலோடு பெண்கள் பின்னால் நடப்பார். நாடா கோணினால் புறங்கையில் ஒன்று வைப்பார். அழுதால் இன்னொன்று. பல வருடம் கழித்து அவர் செத்தபோது ஊர்க் கம்பமெல்லாம் அவருடைய அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. ருமியானா ஒரு கம்பத்தின் முன்னால் நின்று முழுவதும் படித்தாள். பிறகு எதிரே இருந்த கடைக்குப் போய் பானித்சா என்கிற சீஸ் அடையும் ஒரு குவளை போசா பானமும் வாங்கி, நின்றபடியே நிம்மதியாகச் சாப்பிட்டாள். வலிக்க வலிக்கத்தான் வேலை ஏறும் என்று மட்டும் அந்த மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டாள். அதை விட்டுவிட்டு வேறு எதை எடுத்துக்கொண்டிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

அஞ்சலித் தாள் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் ஒருவர் போய்விட்டால் சிலுவையும் படமும் நாலு வரியும் போட்ட ஒரு தாள் அவர் வீட்டுக் கதவிலும், மரத்திலும், பேருந்து நிறுத்தத்திலும் ஏறிவிடும். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. ஒட்டிய தாளை யாரும் கிழிக்க மாட்டார்கள். அது பாவம். மழைதான் கிழிக்க வேண்டும், காற்றுதான் கொண்டுபோக வேண்டும்.

அலுவலகத்தின் தலைவர் திகோமிர் ஒரு புத்தாண்டு விருந்தில் ராக்கியா தலைக்கேறியபோது கண்டுபிடித்த விளையாட்டு இது: யாருடைய போர்டு சோதனை மேசையில் எரிந்து போகிறதோ, அவர் பெயரில் ஒரு அஞ்சலித் தாள் நடைவழியில் காபி அறைக் கதவில் ஒட்டப்படும். மறுநாள் அந்தச் 'செத்தவர்' கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் தூவி, துக்க வீட்டில் கொடுப்பதுபோல் எல்லோருக்கும் கொண்டுவர வேண்டும். எல்லோரும் ஆளுக்கொரு கரண்டி தின்றுவிட்டு "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். திகோமிருக்கு எழுத வராது. எழுதியது எப்போதும் ருமியானா. அந்தத் தாள்களுக்கு அவள் உழைத்த உழைப்பைப் போர்டுக்குக்கூட உழைத்ததில்லை.

ஸ்விலென் என்று ஒரு பையன் இருந்தான். சாதுவானவன். அவன் போர்டு எரிந்த அன்று அவள் எழுதினாள்: 'தன் தடங்களைப் போலவே எங்கும் போய்ச் சேராமல் பாதியில் நின்றுபோன எங்கள் ஸ்விலென்.' படத்துக்கு, தூங்கி வழிகிற முகமாகப் பார்த்து எடுத்தாள். அவன் சிரித்தான். கோதுமையும் கொண்டுவந்தான், அவன் அம்மாவே வேகவைத்துக் கொடுத்தாளாம், விளையாட்டென்று தெரியாமல், அலுவலகத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு ரொட்டி வண்டி ஓட்டப் போனான். தாள் கதவிலேயே இருந்தது. விளையாட்டுத் தாள்தான் என்றாலும் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை.

கோலியோ மட்டும் இந்த விளையாட்டில் சேருவதில்லை. கோலியோ சோதனை மேசைக்காரன், அறுபதை நெருங்கியவன். ருமியானாவின் புருஷன் ம்லாதென் ஸ்பெயினுக்குத் தக்காளி பறிக்கப் போய், அங்கேயே யாரோடோ தங்கிவிட்ட வருடத்தில், இலையுதிர்காலம் வந்தபோது கோலியோ தன் வண்டியின் பின்னால் விறகு ஏற்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் கொட்டினான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. அவன் மனைவி ஊறுகாய் ஜாடி ஒன்றையும் மேலே வைத்து அனுப்புவாள்.

ராலிட்சா வந்தது இதற்கெல்லாம் பிறகு. வ்ராத்சா ஊர்க்காரி, படித்துவிட்டு நேராக வந்தவள், ஒல்லி, எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். அகலத் தடத்தைப் பேட்டுக்கு எப்படி அக்கா இவ்வளவு சுத்தமாகக் கொண்டு வருகிறீர்கள் என்று முதல் வாரத்தில் கேட்டாள். ருமியானா தலையைத் திருப்பவே இல்லை.

"கையால," என்றாள். "உனக்கு ரெண்டு இருக்கில்ல?"

இன்னொரு முறை கேட்டபோது, படிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். மூன்றாவது முறை ராலிட்சா கேட்கவில்லை. பதிலாக ருமியானாவின் பழைய போர்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருந்ததை அப்படியே எடுத்துத் தன் போர்டுகளில் போட்டு, அப்படித்தான் கற்றுக்கொண்டாள். ருமியானாவுக்கு இது தெரியும். திருட்டுப் பூனை என்று காது படவே சொல்வாள். ஆனாலும் தடுக்கவில்லை, தன் கையைப் பார்த்துத்தானே காப்பியடிக்கிறாள் என்று உள்ளூர ஒரு கர்வம்.

அந்தப் பழைய போர்டுகளில் ஒன்றை ருமியானா ஒரு வெயில்கால வெள்ளிக்கிழமை வரைந்திருந்தாள். புழுக்கம், பேருந்துக்கு நேரமாகிறது, திரையில் சிவப்புக் குறி தீர மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு பேட்டாகப் போய்க் கழுத்தை ஒடுக்கச் சலித்துப்போய், மோட்டார் சில்லைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள். இந்தக் கட்டத்துக்குள் எந்தத் தடம் நுழைந்தாலும் அதுவே மெலிந்துகொள்ளட்டும் என்று ஒரு விதி எழுதினாள். கட்டம் சில்லை ஒட்டி இறுக்கமாக இருந்திருக்க வேண்டும். அவள் கை போன போக்கில் பெரிதாகப் போட்டாள். சிவப்பெல்லாம் ஒரே நொடியில் அணைந்தது. அது குட்டிப் பொம்மை மோட்டாருக்கான போர்டு, மின்சாரம் சொற்பம், கழுத்து நீண்டாலும் சூடேறாது. அவள் பேருந்தைப் பிடித்தாள். சில்லோடு சேர்த்து அந்தக் கட்டமும் அலுவலகக் கம்ப்யூட்டரின் பொதுக் கிடங்கில் ஏறிக்கொண்டது. மற்றவர்கள் தங்களுக்குள் அதை 'ருமியின் காலர்' என்று கூப்பிட்டு எடுத்துப் பயன்படுத்தினார்கள். ருமியானா தன் போர்டுகளுக்குக் கிடங்கைத் தொடுவதே இல்லை, எல்லாம் கையால்தான். அப்படி ஒன்று போட்டதையே மறந்துவிட்டாள்.

வசந்தத்தை வரவேற்று எல்லோரும் சட்டையில் சிவப்பு வெள்ளை நூல் குத்திக்கொள்கிற நாட்களில், திகோமிர் எல்லோரையும் கூப்பிட்டுச் சேதி சொன்னார். தலைநகர் சோபியாவின் கம்பெனி ஒன்று அலுவலகத்தை வாங்குகிறது. வரைகிறவர்களில் ஒரே ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். நடக்க முடியாதவர்களுக்கான மோட்டார் நாற்காலியின் போர்டை வைத்துத் தீர்மானிப்பார்கள். அதை ராலிட்சா வரைய வேண்டும், ருமியானா சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ருமியானாவுக்குப் புரிந்துவிட்டது. போர்டு ஓடினால் ராலிட்சா. இளசு, சம்பளம் குறைவு, சோபியாவுக்கு நாளைக்கே பெட்டியோடு போவாள். எரிந்தால்தான் இவளுக்கு இந்த ஜன்னலோர நாற்காலி. நாற்காலி போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவள் தங்கை வெனெதா இத்தாலியில் பாரி நகரத்தில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, பெட்பேன் மாற்றிக்கொண்டிருந்தாள். அதே தெருவில் இன்னொரு கிழவிக்கு ஆள் வேண்டும், வா வா என்று வாரம் தவறாமல் போன் செய்தாள். இந்த ஊரில் இந்த வயதில் நாற்காலி போன பெண்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் போனார்கள். யாரோ ஒருத்தியின் அம்மாவுக்கு வாய் துடைத்துக்கொண்டு, சமையலறையை ஒட்டிய பொந்தில் படுத்துக்கொண்டு. தோச்செவின் அளவுகோலுக்குக் கை நீட்டியது இதற்காகவா என்று நினைத்தாள்.

ராலிட்சா போர்டை முடித்து அவளுக்கு அனுப்பினாள். ருமியானா திறந்தாள். கண் நேராக மோட்டார் சில்லின் மூலைக்குப் போனது. நிற்கவும் செய்தது.

மோட்டாருக்கான தடம் அழகாக, அகலமாக வந்துகொண்டே இருந்தது. பிறகு பேட்டுக்கு வெகு தூரத்திலேயே திடீரென்று நூலாக மெலிந்து, அந்த மெலிவோடே இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு கழுத்தை ஆலையில் பெருக்குகிறவள்கூடப் போட மாட்டாள். ஒரு ஆள் உட்கார்ந்து மேட்டில் ஏறினால் அது தாங்காது. சாஃப்ட்வேர் ஒரு சிவப்புக் குறிகூடக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று ருமியானா ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். விதிகளின் பட்டியலைத் திறக்க ஒரு சொடுக்குப் போதும். அவளுக்கு யோசிக்க இஷ்டமில்லை. பார்த்தாயா, இவ்வளவுதான் இந்தக் கழுதைக்குத் தெரிந்தது என்கிற சந்தோஷம் வந்து மற்றதையெல்லாம் மூடிவிட்டது.

ராலிட்சா வந்து மேசைப் பக்கத்தில் நின்றாள். எல்லாம் சரியாக இருக்கிறதா, மோட்டார் பக்கம் மட்டும் கொஞ்சம் பார்க்க முடியுமா, அங்கேதான் மனசு உறுத்துகிறது என்றாள்.

"பார்த்துட்டேன்," என்றாள் ருமியானா. "நல்லாத்தான் இருக்கு. போய்த் தூங்கு."

நல்லாயிருக்கு என்று அவள் வாயிலிருந்து வந்தது அந்த அலுவலகத்தில் அதுவே முதல் தடவை. ராலிட்சா சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு ஒரு காபி வாங்கிவந்து வைத்தாள். ருமியானா அதைக் குடித்தாள், கையெழுத்துப் போட்டாள். போர்டு செய்துவரப் போனது. அந்த வாரம் முழுக்க அவள் ராலிட்சாவுக்கான அஞ்சலித் தாளைச் செதுக்கினாள். வாயைப் பிளந்து சாண்ட்விச் கடிக்கிற படம் ஒன்று கிடைத்தது. 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். கழுத்து மெலிந்து, புத்தி அதைவிட மெலிந்து, மொட்டுப் பருவத்திலேயே புகையாகிப்போன எங்கள் அருமை ராலிட்சா.' அச்செடுத்து இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

சோதனைக்குச் சோபியாவிலிருந்து கலோயானோவா என்கிற இன்ஜினியர் அம்மாளும், கூட ஒரு ஆளும் வந்தார்கள். மேசையில் போர்டு, பக்கத்தில் பேட்டரி, ஒரு மோட்டார், மோட்டாரை இறுக்கிப் பிடிக்க ஒரு பிரேக். ராலிட்சா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோலியோ மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தான்.

கோலியோவுக்கு ஒரு பழக்கம். பேட்டரி வோல்ட்டேஜ்தானே, ஷாக் அடிக்காது என்று, போர்டு ஓடும்போது ஆள்காட்டி விரலைத் தடத்தின் மேல் வைத்துக்கொள்வான். வெப்பமானியை விட விரல் முந்திச் சொல்லிவிடும் என்பான். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். ருமியானாவுக்கும் தெரியும். அவன் விரல் மோட்டார் தடத்தின் மேல் இறங்கி, நகர்ந்து நகர்ந்து சில்லை நோக்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணே, விரலை எடுங்க என்று மூன்று வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், உனக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்று கேட்பார்கள். கொஞ்சம் சுடும், அவ்வளவுதானே என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பிரேக்கை இறுக்கினார்கள். மோட்டார் முக்கியது. கழுத்து சிவந்தது, வெளுத்தது, தகட்டை விட்டுச் செம்புப் பட்டை அப்படியே எழும்பி விரலில் ஒட்டிக்கொண்டது. கோலியோ கத்தவில்லை. கையை இழுத்தபோது பட்டையும் கூடவே வந்தது. அறை முழுக்க அந்த நாற்றம் பரவியது, அதில் போர்டின் நாற்றம் மட்டும் இல்லை. யாரோ ஓடிப்போய்க் குழாயைத் திறந்தார்கள். அவன் விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி, திரும்பிப் பார்த்தான். ராலிட்சாவைப் பார்க்கவில்லை. ருமியானாவைப் பார்த்தான்.

திகோமிர் வந்தவர்கள் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல், அசடு வழிய, இந்த அலுவலகத்தில் இதற்கு ஒரு சடங்கு உண்டென்று சொல்லி, ருமியானாவிடம் ஒரு தாள் எழுதச் சொன்னார். அவள் யோசிக்காமல் இழுப்பறையைத் திறந்து அச்செடுத்ததைக் கொடுத்தாள்; முன்கூட்டியே எப்படித் தயாரானது என்று அந்தக் கலவரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் முதல் வரியை உரக்கப் படித்துச் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை. கலோயானோவா அம்மாள் ராலிட்சாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கழுத்தை ஏன் இவ்வளவு நீளமாகப் போட்டாய் என்று கேட்டாள்.

"நான் போடலை மேடம்," என்றாள் ராலிட்சா. "அகலமாத்தான் இழுத்தேன். உள்ள நுழைஞ்சதும் அதுவா மெலிஞ்சுது. மனசு உறுத்துச்சு, ஆனா இங்க வழக்கமே அப்படித்தான்னு நினைச்சேன். எல்லாரும் ருமியக்கா காலரைத்தான் போடறோம்."

அம்மாள் விதிகளைத் திறந்தாள். சில்லைச் சுற்றி, மறைந்து கிடந்த கட்டம் திரையில் மஞ்சளாக எழுந்து வந்தது. பெரிய கட்டம். கை போன போக்கில் போட்ட கட்டம். ருமியானா அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அந்த வெள்ளிக்கிழமைப் புழுக்கம்கூட நினைவுக்கு வந்தது.

"இது உங்களோடதா?" என்றாள் அம்மாள்.

ஆமாம் என்றாள்.

"சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நீங்கதான். இந்தக் கழுத்தைப் பார்த்தீங்களா?"

இங்கேதான் ருமியானாவுக்கு இரண்டு பக்கமும் அடைத்தது. பார்த்தேன் என்றால், பார்த்தும் ஏன் விட்டாய், அந்த ஆள் விரலை வைக்கும்போது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று வரும். பார்க்கவில்லை என்றால், அவளிடம் மிச்சமிருந்தது அந்தக் கண் ஒன்றுதான், அதையும் கொடுத்துவிட வேண்டும். திகோமிர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ராலிட்சாவும் பார்த்தாள். ஸ்விலென் இருந்த இடத்தில் இப்போது இருக்கிற பையன்கூட எழுந்து வந்து நின்றான்.

"பார்க்கலை," என்றாள்.

"எங்கிட்ட வேற மாதிரி சொன்னாங்களே. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு."

"கவனிக்கலை. விட்டுப்போச்சு."

அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. கையால் வரைந்த காலத்து ஆட்களுக்கு இது சகஜம்தான் என்று மட்டும் பரிவோடு சொன்னாள். தோச்செவின் அளவுகோல் அவ்வளவு ஆழமாக இறங்கியதில்லை. ராலிட்சாவிடம், மனசு உறுத்தியதென்றால் வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொள், சோபியாவில் உனக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது என்றாள். தீர்மானமாகிவிட்டது என்பது எல்லோருக்கும் அதிலேயே தெரிந்தது.

சடங்கைக் கைவிட திகோமிருக்கு மனமில்லை. வந்தவர்கள் போனதும், ருமியானா எழுதிய தாளையே எடுத்து, பெயரை மட்டும் அவளுடையதாக மாற்றினார். வரிகளில் கை வைக்கவில்லை. அவ்வளவு நன்றாக இருக்கிறதாம். அதனால் ஐம்பத்திரண்டு வயதுக்காரி மொட்டுப் பருவத்தில் புகையானாள். படம் ஒன்று வேண்டும் என்று ராலிட்சாவிடம் கேட்டார். ராலிட்சா வெகுநேரம் தேடினாள். கோணல் முகப் படம் எடுக்கவில்லை. ஒரு கோடையில் மலைக்குப் போயிருந்தபோது, காற்றில் முடி பறக்க ருமியானா எதையோ பார்த்துச் சிரிக்கிற படம், அவள் வாழ்க்கையிலேயே நன்றாக விழுந்த படம், அதை எடுத்துக் கொடுத்தாள். அன்பினால் கொடுத்தாளா வேறு எதனால் கொடுத்தாளா, அது அவளுக்கே வெளிச்சம். நிஜமாகச் செத்தவர்களுக்குத்தான் வீட்டார் அப்படித் தேடி எடுத்துப் போடுவார்கள்.

தாளை ஒட்டியது கோலியோ. மருத்துவமனையிலிருந்து கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்து, இதுவரை இந்த விளையாட்டைத் தொடாதவன், தானே கேட்டு வாங்கி, இடது கையால் ஒட்டினான். மூலைகளை நன்றாக நீவிவிட்டான்.

மறுநாள் ருமியானா கோதுமை கொண்டுவந்தாள். கொண்டுவராமல் இருந்திருக்கலாம். ஆனால் ஸ்விலெனைக் கொண்டுவர வைத்தவள் அவள். கொண்டுவராவிட்டால் அதையும் சொல்லிச் சிரிப்பார்கள் என்று பயந்தாள். விடியற்காலையில் எழுந்து வேகவைத்தாள், வடித்தாள், சர்க்கரைப்பொடி தூவினாள், வால்நட் உடைத்துப் போட்டாள். பேருந்தில் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்துச் சீட்டுக்காரி யாருக்கு என்று மெதுவாகக் கேட்டாள். அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவள் என்றாள் ருமியானா.

நடைவழியில் கூரியர்காரன் நின்றுகொண்டிருந்தான், வாராவாரம் பார்சல் கொண்டுவருகிறவன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயோ பாவம், எப்ப ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே, காலடிச் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். படத்தில் இருந்தவள் கோதுமைப் பாத்திரத்தோடு எதிரே நின்றாள். அவன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான், பார்சலைத் தரையில் வைத்தான், கையெழுத்துக்கூட வாங்காமல் படியிறங்கிப் போய்விட்டான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

காபி அறையில் எல்லோரும் ஆளுக்கொரு கரண்டி எடுத்தார்கள். கடவுள் மன்னிக்கட்டும், கடவுள் மன்னிக்கட்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ராலிட்சா ஒரு கரண்டி வாயில் போட்டு, மென்று, அந்த வார்த்தையைச் சொல்லாமல் வெளியே போனாள். கடைசியாகக் கோலியோ வந்தான். விரலின் நுனி இனி உணராது என்று டாக்டர் சொன்னதாக யாரோ காலையில் பேசிக்கொண்டிருந்தார்கள். இடது கையால் கரண்டியைப் பிடிக்கத் தடுமாறினான். ருமியானா பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தாள்.

"ரொம்ப வலிக்குதா அண்ணே?"

அவன் கோதுமையை விழுங்கினான்.

"எல்லாரும் போர்டைப் பார்த்துட்டு இருந்தாங்க ருமி. நீ மட்டும் என் விரலைப் பார்த்துட்டு இருந்த. சுடறதுக்கு முன்னாடியே பார்த்துட்டு இருந்த."

அவள் பாத்திரத்தை நிமிர்த்தி, மேசையில் சிந்திய கோதுமையைத் துடைத்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றான். கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டான். "கடவுள் மன்னிக்கட்டும். நான் மாட்டேன். குளிர்காலத்துக்கு விறகு வேற ஆளைப் பார்த்துக்க."

அவன் போனபிறகு அவள் பாத்திரத்தைக் கழுவினாள். ஒட்டியிருந்த கோதுமையை நகத்தால் சுரண்டினாள். இனி விறகு தேவைப்படாது என்று தோன்றியது. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு தங்கைக்குப் போன் செய்து, வருகிறேன் என்றாள். வெனெதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கிழவிக்குக் கை உதறும், நீதான் ஊட்ட வேண்டியிருக்கும், வாய் கொஞ்சம் மோசம், கண்டதையும் பேசுவாள், பொறுத்துக்கொண்டால் போதும் என்றாள்.

பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ருமியானா நடைவழிக்கு வந்தாள். கதவில் ஸ்விலென் மங்கிப்போய் இருந்தான். அவனை ஒட்டி அவள், காற்றில் முடி பறக்க, சிரித்துக்கொண்டு. கழுத்து மெலிந்து, புத்தி அதைவிட மெலிந்து. அவள் எழுதிய வரிதான். ஒரு வார்த்தைகூட மாற்றத் தோன்றவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, தாளின் மேல் மூலையில் நகத்தை வைத்தாள். கோலியோ நன்றாக நீவி ஒட்டியிருந்தான். மூலை எழும்பவில்லை. எழும்பியிருந்தாலும் கிழித்திருக்க மாட்டாள். ஒட்டிய தாளை மனிதர் கிழிக்கக் கூடாது, மழைதான் கிழிக்க வேண்டும். அவள் கையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வெளியே நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. நடைவழியில் பெய்யவில்லை.